அம்மப்பாவின் றங்குப்பெட்டியில் ஒரு ரிவோல்வர்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, அம்மாவின் அந்தியேட்டி முடிந்த பிறகு அவருடைய றங்குப்பெட்டியைத் திறந்தோம். கூறைச்சேலைக்குக் கீழே, எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு பழைய ரிவோல்வர் இருந்தது. அம்மப்பா திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். 1957இல் வெள்ளைக்காரர் தளத்தைவிட்டுப் போனபோது ஓர் அதிகாரி அதை நினைவுப் பொருளாகக் கொடுத்திருக்கிறார். அவருடைய கடிதமும் கூடவே இருக்கிறது. தோட்டா போட வழியில்லை. உருளையின் பின்புறத்தில் ஆறு சிறு முளைகள் மட்டும் உள்ளன. உருளையைச் சுற்றிப் பாய்க்கப்பல்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. நம்முடைய துறைமுகமோ என்று நினைத்தேன். குழலின் மேலுள்ள எழுத்துகளைப் பென்சிலால் படியெடுத்து அனுப்புகிறேன். கனடாவிலுள்ள தம்பி, “இவ்வளவு பழையதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டாம், வைத்திரு” என்கிறான். கணவரோ கடலில் எறியச் சொல்கிறார். இரண்டுக்கும் எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்வது?
– வாசகி, பாலையூற்று

பதில்: சகோதரி, இனி அதைத் தொடாதீர்கள். துடைக்க வேண்டாம், விசையை இழுத்துப் பார்க்க வேண்டாம், படியெடுத்தது போதும். அதற்குள் மருந்து இன்னும் இருக்கலாம். வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த கருமருந்து, ஈரம் படாமல் இருந்தால் நூறு வருடம் கழித்தும் பற்றக்கூடியது. பெட்டியைப் பூட்டி, திறப்பை நீங்களே வைத்திருங்கள்.

நீங்கள் அனுப்பிய படியில் ‘கேணல் கோல்ட், லண்டன்’ என்ற பொருள்பட ஆங்கில எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன. அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1853இல் தேம்ஸ் நதிக்கரையில் ஒரு தொழிற்சாலை தொடங்கினார். சில வருடங்களே நடந்த அந்தத் தொழிற்சாலையில் ‘நேவி’ என்ற வகையையும் செய்தார்கள். தோட்டா போட வழியில்லை என்றீர்களே, அதன் முறையே வேறு. ஒவ்வோர் அறையிலும் முன்பக்கமாக மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து, குழலுக்குக் கீழுள்ள நெம்புகோலால் அழுத்தி இறக்குவார்கள். பிறகு பின்னாலுள்ள முளைகளில் சிறு செப்புத் தொப்பிகளை மாட்டுவார்கள். சுத்தியல் தொப்பியில் விழுந்ததும் பொறி உள்ளே பாயும். உருளையிலுள்ள கப்பல்கள் நம்முடைய துறைமுகத்துக் கப்பல்கள் அல்ல. 1843 மே 16இல் டெக்சாஸ் கப்பல்களும் மெக்சிகோக் கப்பல்களும் கம்பேச்சே அருகே மோதிய காட்சி அது. இந்த வகைக்கு இத்தாலியில் நகல்கள் வரத் தொடங்கியது 1950களின் இறுதியில்தான். ஆகவே 1957ஆம் ஆண்டுக் கடிதம் உங்களிடம் இருப்பது மிகப் பெரிய விடயம்.

தம்பி சொல்வது அவர் வாழும் நாட்டுக் கதை. கனடாவில் 1898க்கு முன் செய்த இத்தகைய துப்பாக்கிகளுக்கு விலக்கு உண்டு. அமெரிக்காவிலும் 1898 வரை செய்தவற்றைப் பழம்பொருளாகவே பார்க்கிறார்கள். அந்த ஆண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு பாலையூற்றில் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. இங்கே 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வயதைச் சொல்லியோ, ‘வேலை செய்யாது’ என்று நாமே முடிவுகட்டியோ அதிலிருந்து ஒதுங்கிக்கொள்ளப் பார்க்காதீர்கள். மருந்து வாங்கிச் சுட்டுப் பார்க்கலாம் என்று யாராவது ஆசை காட்டினாலும் கேட்காதீர்கள். வெடிமருந்துக்கு 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டம் தனியாக இருக்கிறது.

கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், துவக்கு (துப்பாக்கி) அனுமதிப்பத்திரப் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31உடன் முடிந்துவிடும் என்பதால், வருடக் கடைசியில் தம்பலகாமத்து விவசாயிகள் விடியற்காலையிலேயே வந்து நிற்பார்கள். ஒருமுறை ஓர் இளைஞர் தகப்பனுடைய அனுமதிப்பத்திரத்தை நீட்டினார். தகப்பன் இறந்து ஐந்து வருடம். துவக்கு காணியைப்போல் பிள்ளைக்கு வந்துவிடும் என்று அவர் நம்பியிருந்தார். அனுமதி ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை என்று நான் சொன்னபோது அவருடைய முகம் போன போக்கு இன்றும் என் கண்ணில் நிற்கிறது. உங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது.

அதனால் இந்த வாரமே ஒரு சட்டத்தரணியைப் பிடியுங்கள். பொருள் எப்போது, எங்கே, யார் முன்னிலையில் கிடைத்தது என்று அவர் மூலம் எழுத்தில் பொலிஸ் நிலையத்துக்கு அறிவியுங்கள். நீங்களே பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோகாதீர்கள். அவர்கள் வந்து எடுக்கட்டும். அம்மாவின் மரணச் சான்றிதழ், அதிகாரியின் கடிதத்தின் பிரதி, தம்பிக்கு ஆட்சேபனை இல்லை என்ற சத்தியக்கடதாசி ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். அம்மப்பாவின் பெயரில் பழைய அனுமதிப்பத்திரம் ஏதும் கிடக்கிறதா என்று ரிவோல்வரைத் தொடாமல் பெட்டியிலுள்ள காகிதங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். மடித்த ஒரு துண்டு அகப்பட்டாலும் விடயத்தின் போக்கே மாறும்.

உங்கள் பெயருக்கு அனுமதி கிடைக்குமா? ரிவோல்வர் விடயத்தைத் தீர்மானிப்பது பாதுகாப்பு அமைச்சு. விண்ணப்பிக்கலாம், ஆனால் பெரிதாக நம்பியிருக்க வேண்டாம் என்றே சொல்வேன். 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்காக அமைச்சு அனுமதி கொடுத்திருந்த துப்பாக்கிகளையே மீளாய்வுக்கென்று வெலிசறைக் கடற்படைத் தளத்தில் ஒப்படைக்கச் சொன்னார்கள்.

கணவருடைய யோசனைக்கு மட்டும் இணங்காதீர்கள். டச்சுக்குடாவில் எறிந்தால் நாளை யாரோ ஒரு மீனவரின் வலையில் ஏறும். அந்த மனிதர் பொலிஸுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். அதைவிட, உட்துறைமுக வீதியில் பழைய ஒல்லாந்தர் கட்டடத்திலுள்ள கடற்படை வரலாற்று அருங்காட்சியகத்தை நினையுங்கள். இந்தத் துறைமுகத்திலிருந்து பிரித்தானியக் கடற்படை விடைபெற்ற நாளின் சாட்சி அந்த ரிவோல்வர். உருக்குவதற்கோ அழிப்பதற்கோ முன் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க விரும்புகிறேன் என்று, பொலிஸுக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே ஒரு வரி சேருங்கள். பிறகு சொன்னால் காலம் கடந்துவிடும்.

பொருளை எடுத்துச் செல்பவரிடம் அடையாள இலக்கம் குறித்த பற்றுச்சீட்டு வாங்குங்கள். 1957ஆம் ஆண்டுக் கடிதத்தின் மூலப்பிரதியை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், பிரதி போதும்.