பாக்கெட் பிஸ்டலுக்கு எந்தக் காலிபர்?

கேள்வி: சார், எனக்கு 61 வயது. டெக்சஸில் சுகர் லேண்டில் நானும் என் வீட்டுக்காரரும் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். கிரீன் கார்டு இருக்கிறது. ராத்திரி கடையைச் சாத்திவிட்டு, கல்லாப் பணத்தோடு கார் வரை நடந்து போவது பெரும்பாலும் நான்தான். பாக்கெட்டில் அடங்குகிற சின்ன பிஸ்டல் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். 9 எம்எம்முக்குக் கீழே எதுவும் வேண்டாம் என்கிறார் வீட்டுக்காரர். பெண்களுக்கு .22 போதும் என்கிறார் துப்பாக்கிக் கடைக்காரர். வால்பாறையில் என் அப்பா லைசென்ஸ் எடுத்து .32 ரிவால்வர் வைத்திருந்தார், அதனால் எனக்கு அந்தப் பெயர்தான் பழக்கம். கட்டை விரல் மூட்டில் தேய்மானம். ஊறுகாய் பாட்டிலைத் திறப்பதே சிரமம். எதை வாங்கட்டும்? எச்1பி விசாவில் இங்கே வேலை பார்க்கும் என் அக்கா மகனும் ஒன்று வாங்கலாமா?

— ஒரு வாசகி, சுகர் லேண்ட்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கட்டை விரல் மூட்டுதான். காலிபரை, அதாவது தோட்டாவின் அளவை, அங்கிருந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

பிஸ்டலில் முதல் தோட்டாவை ஏற்ற, மேலே உள்ள ஸ்லைடைப் பின்னால் இழுத்து விட வேண்டும். நான் சொல்லிக்கொடுக்கும் ரேஞ்சில் உங்கள் வயதுப் பெண்கள் பலர் அந்த இடத்திலேயே மாட்டிக்கொள்கிறார்கள். துப்பாக்கி சின்னதென்றால் ஸ்பிரிங்கும் லேசாக இருக்கும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. ஸ்லைடின் எடை குறையக் குறைய ஸ்பிரிங் விறைப்பாக இருந்தாக வேண்டும், பிடித்து இழுக்க இடமும் கம்மி. வால்தர் பிபிகே மாதிரியான பழைய வடிவத்தில் .380 காலிபர் வாங்கினால் இன்னும் கஷ்டம். அதில் குழலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதில்லை. சுடும் விசை முழுவதையும் ஸ்பிரிங்கும் ஸ்லைடின் எடையும்தான் தாங்குகின்றன.

வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1986ல் மியாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு எஃப்பிஐ அதிகாரிகள் இறந்தார்கள். அதன் பிறகு அந்த அமைப்பு ஓர் அளவுகோல் வைத்தது: உடல் சதைக்குப் பதிலாக வைத்துச் சோதிக்கும் ஜெலட்டின் கட்டியில் குண்டு 12 முதல் 18 அங்குலம் வரை இறங்க வேண்டும். நல்ல 9 எம்எம் தோட்டா இதில் தேறிவிடும். சக்தியைப் பார்த்தால் 9 எம்எம்முக்கு 330, 350 ஃபுட் பவுண்ட்; .380க்குச் சுமார் 200; .32க்குச் சுமார் 130; .25க்குச் சுமார் 65. இவை நீளமான குழலில் அளந்தவை. 3 அங்குலம்கூட இல்லாத பாக்கெட் குழலில் சக்தி இன்னும் குறையும். ஆனால் சின்ன 9 எம்எம் என்று பெயரெடுத்த சிக் பி365 பிஸ்டல், தோட்டா இல்லாமலே அரைக் கிலோ. நாலு நாள் சுமந்துவிட்டு மேசை டிராயரில் போட்டுவிடுவீர்கள். அப்புறம் அது எந்தக் காலிபராக இருந்து என்ன?

கடைக்காரர் சொன்னதை நான் ஏற்க மாட்டேன். .22ல் உதை குறைவு, தோட்டா மலிவு, பழகுவதற்கு அருமையானது. ஆனால் அதில் தீப்பற்ற வைக்கும் மருந்து தோட்டாவின் விளிம்புக்குள் படிந்திருக்கிறது. ஊசி அடிக்கிற இடத்தில் மருந்து சரியாகப் படியாவிட்டால் தோட்டா வெடிக்காது. ரிவால்வர் என்றால் மறுபடி ட்ரிகரை இழுத்தால் போதும், அடுத்த தோட்டா வந்துவிடும். பிஸ்டலில் ஸ்லைடை இழுத்தாக வேண்டும். இருட்டில், பதற்றத்தில், உங்கள் கை அதைச் செய்யுமா? இந்தக் குறையில்லாத சின்னத் தோட்டாவாக ஜான் பிரவுனிங் 1905ல் கொண்டுவந்ததுதான் .25. ஆனால் அதன் சக்தி .22ஐவிடப் பெரிதாக இல்லை. இன்று அதை வாங்கச் சொல்ல எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

சின்னக் குண்டு கொல்லாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 1981 மார்ச் 30 அன்று வாஷிங்டனில் அதிபர் ரீகன் மேல் பாய்ந்தது .22தான். இதயத்துக்கு ஓர் அங்குலம் பக்கத்தில் போய் நின்றது. அப்படியும் அவர் காரிலிருந்து இறங்கி மருத்துவமனைக்குள் நடந்தே போய், பிறகுதான் சரிந்தார். உங்கள் மேல் பாய்கிறவனும் அதே மாதிரி நடமாட முடியும். உங்களுக்கு வேண்டியது அவன் அந்த நொடியே நிற்பது. அதன் பிறகு அவன் பிழைத்துக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது.

மிச்சம் .380ம் .32ம். ருகர் எல்சிபி .380, 270 கிராம்தான். சட்டைப் பாக்கெட்டில்கூடத் தெரியாது. ஆனால் அவ்வளவு லேசான துப்பாக்கியில் .380 சுட்டால், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதையில் ஒவ்வொரு குண்டுக்கும் பிரம்படி விழுகிற மாதிரி இருக்கும். மூட்டு வலிக்காரர்கள் ஒரு மேகசினோடு (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் கூடு) கீழே வைத்துவிடுகிறார்கள், பயிற்சிக்கு மறுபடி வருவதில்லை. குட்டைக் குழலில் .380 ஹாலோ பாயிண்ட் (முனையில் குழியுள்ள, உடலில் பட்டால் விரியும் குண்டு) பல நேரம் விரிந்தால் 12 அங்குலத்தை எட்டுவதில்லை, விரியாவிட்டால் 18ஐத் தாண்டிவிடுகிறது. கை பலமுள்ளவர்களுக்கு நான் .380தான் சொல்வேன், ஹார்னடி எக்ஸ்டிபி தோட்டாவோடு.

உங்களுக்கு .32. அதிலும் பெரெட்டா டாம்கேட். அதில் ஸ்லைடை இழுக்கவே வேண்டாம். பக்கத்தில் உள்ள சின்ன நெம்புகோலைத் தள்ளினால் குழலின் பின்முனை மேலே எழும்பும். ஒரு தோட்டாவை விரலால் செருகி, குழலை அழுத்தி மூடினால் வேலை முடிந்தது. வெடிக்காத தோட்டாவையும் அதே வழியில் வெளியே எடுக்கலாம். எடை சுமார் 410 கிராம், அதனால் உதையும் மெதுவாகத்தான் தெரியும். முதல் குண்டுக்கு மட்டும் ட்ரிகர் நீளமாக, கனமாக இருக்கும். உங்கள் ஆள்காட்டி விரல் அதற்கு ஒத்துழைக்கிறதா என்று வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தோட்டாவில் இரண்டு விஷயம். உள்ளே இறங்க வேண்டுமென்றால் .32க்கு ஃபுல் மெட்டல் ஜாக்கெட்தான் (உலோக உறை போட்ட, விரியாத குண்டு) சரி. ஹாலோ பாயிண்ட் நீளம் குறைவு, அதனால் மேகசினுக்குள் முன்னும் பின்னும் நகரும். ஒரு தோட்டாவின் விளிம்பு அடுத்ததன் விளிம்பில் மாட்டிக்கொண்டால் மேலே ஏறாது. வேகம் கூடிய ஐரோப்பியத் தோட்டாக்களும் டாம்கேட்டுக்கு ஆகாது. இன்னொன்று, ஊரில் .32 ரிவால்வருக்குப் போடுவது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் என்ற நீளமான தோட்டா. உங்களுக்கு வேண்டியது பிஸ்டலுக்கான .32 ஏசிபி. பெட்டியில் அதைப் பார்த்து வாங்குங்கள்.

ட்ரிகரை முழுதாக மூடும் பாக்கெட் ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) இல்லாமல் எடுத்துச் செல்லவே கூடாது. அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை எதுவும் வேண்டாம். பேரக் குழந்தைகள் வந்து போகிற வீடென்றால் பூட்டுகிற பெட்டியும் கூடவே வாங்குங்கள். குழந்தை கைக்கு எட்டும்படி வைப்பது டெக்சஸில் குற்றம். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே 21 வயதானவர்கள் பெரும்பாலும் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம்தான். இருந்தாலும் லைசென்ஸ் வகுப்புக்குப் போய்வாருங்கள், எங்கெல்லாம் கொண்டுபோகக் கூடாது என்று அங்கே தெளிவாகச் சொல்வார்கள். கல்லாப் பணத்தைக் கேட்டால் பையைத் தூரமாக வீசிவிட்டு விலகுங்கள். அந்தப் பணத்துக்காகத் துப்பாக்கியை எடுக்காதீர்கள்.

அக்கா மகன் விஷயம்: கிரீன் கார்டு இருப்பதால் உங்களுக்குத் தடையில்லை. எச்1பி விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருப்பது மாதிரியான சில விலக்குகள் உண்டு. அவரை முதலில் ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை உங்கள் துப்பாக்கியைக் கடையில் அவர் பொறுப்பில் விட்டுவிட்டு எங்கும் போக வேண்டாம்.