குற்றவியல் படித்தால் துப்பறியும் வேலை உறுதியா?

கேள்வி: என் மகள் பள்ளி இறுதியாண்டில் இருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் குற்றவியல் படித்து, கொலை வழக்குகளைத் துப்பறியும் வேலைக்குப் போக வேண்டும் என்கிறாள். வெளிநாட்டுப் படிப்புக்கு ஏற்பாடு செய்யும் ஏஜென்ட் ஒருவர், தான் சொல்லும் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் அந்நாட்டுப் புலனாய்வுத் துறையிலோ இன்டர்போலிலோ வேலை உறுதி என்கிறார். முன்பணம் கட்ட இந்த வாரம்தான் கடைசியாம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். உங்கள் மகளின் ஆசையில் ஒரு தவறும் இல்லை. ஏஜென்ட் தரும் வாக்குறுதிதான் பொய். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன். இதே வார்த்தையை நம்பிப் போய், பட்டத்தோடும் கடனோடும் திரும்பிய பிள்ளைகள் என் எதிரில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காவல் துறையும் புலனாய்வுத் துறையும் பெரும்பாலும் சொந்த நாட்டுக் குடிமக்களைத்தான் வேலைக்கு எடுக்கும். அமெரிக்காவின் எஃப்பிஐயில் விசாரணை அதிகாரியாகச் சேர அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். வயது குறைந்தது 23 இருக்க வேண்டும், 37 ஆவதற்குள் பணியில் சேர்ந்திருக்க வேண்டும். பட்டத்துக்கு மேல் வேலை அனுபவமும் கேட்பார்கள். ஆனால் குற்றவியல்தான் படித்திருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. கணக்கியல் படித்தவரும் கணினி படித்தவரும் சட்டம் படித்தவரும் அங்கே இருக்கிறார்கள். கனடாவின் தேசியக் காவல் படையான ஆர்சிஎம்பி, குடிமக்களையும் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களையும் சேர்க்கிறது. மாணவர் விசாவில் இருப்பவருக்கு அந்தக் கதவு திறக்காது.

இன்டர்போல் பெயரைச் சொல்லித்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். பிரான்சின் லியோன் நகரில் தலைமையகம் வைத்து, 196 உறுப்பு நாடுகளின் காவல் துறைகளுக்கிடையே தகவல் கொண்டுபோகிற அமைப்பு அது. கொலைகாரனைத் துரத்திப் பிடிக்கிற படை அதற்குக் கிடையாது. அங்கிருக்கும் போலீஸ் அதிகாரிகளை அவரவர் நாட்டுக் காவல் துறைதான் அனுப்பிவைக்கிறது. அலுவலகப் பணி, கணினிப் பணி போன்றவற்றுக்கு வெளியாட்களும் விண்ணப்பிக்கலாம் என்பது உண்மை. ஆனால் ஒரு பல்கலைக்கழகம் அங்கே இடம் பிடித்துவைத்திருக்கிறது என்று எவர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏஜென்ட் விஷயத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. பணம் போவதைவிட இது பெரிது. விசா விண்ணப்பத்தை அவர்களே நிரப்புவார்கள். வங்கி இருப்பு, இடையில் விட்ட படிப்பு, முன்பு மறுக்கப்பட்ட விசா என்று எதையாவது மாற்றி எழுதிவிட்டுக் கையெழுத்தை மட்டும் பிள்ளையிடம் வாங்குவார்கள். காவல், சிறை, நீதித் துறை வேலைகளில் சேரும்முன் பின்னணி விசாரணை நடக்கும். பழைய விண்ணப்பங்களையும் எடுத்துப் பார்ப்பார்கள். அப்போது அந்தப் பொய் உங்கள் மகளின் பொய்யாகத்தான் கணக்கில் வரும். சின்னத் தவறுகளை ஒப்புக்கொண்டவர்களுக்குக்கூட இந்தத் துறைகளில் வழி இருக்கிறது. மறைத்தவர்களுக்கு இல்லை. எந்தப் படிவமானாலும் முழுவதும் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று இன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

இனி படிப்புக்கு வருவோம். தமிழில் இந்தச் சொல்லே குழப்புகிறது. ‘குற்றவியல் வழக்கறிஞர்’ என்கிறோம், ‘குற்றவியல் நீதிமன்றம்’ என்கிறோம். அதனால் குற்றவியல் படித்தால் நீதிமன்றத்தில் வாதாடலாம் என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். வாதாடச் சட்டப் படிப்பு வேண்டும். ரத்தக் கறையையும் கைரேகையையும் சோதிப்பது தடய அறிவியல். குற்றவியல் இரண்டும் அல்ல. மனிதர்கள் ஏன் குற்றம் செய்கிறார்கள், எதைச் சமூகம் குற்றம் என்கிறது, தண்டனை பலன் தருகிறதா, பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்கிற சமூக அறிவியல் அது. 1876இல் இத்தாலியின் லொம்ப்ரோசோ, மண்டை ஓட்டையும் முக அமைப்பையும் வைத்துப் பிறவிக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதினார். அது தவறு என்று நிரூபித்து வளர்ந்த படிப்பு இது. முகத்தைப் பார்த்தே மனதைச் சொல்லும் ‘புரொஃபைலிங்’ சான்றிதழை ஆறு வாரத்தில் தருகிறோம் என்கிற விளம்பரங்களை இன்றும் பார்க்கிறேன், வயிறு எரிகிறது. உண்மையான புரொஃபைலிங், குற்றம் நடந்த விதத்தை வைத்துச் செய்தவர் எப்படிப்பட்டவர் என்று கணிப்பது; எஃப்பிஐயில் அதைச் செய்பவர்கள் பல ஆண்டுகள் வழக்குகளை விசாரித்துப் பழகிய அதிகாரிகள்.

தடய அறிவியல் ஆய்வகத்துக்குக் குற்றவியல் பட்டத்தோடு போக முடியாது. வேதியியல், உயிரியல், இயற்பியல் போன்ற அறிவியல் பட்டம் வேண்டும். இதற்கு ஒரு விலக்கு உண்டு, பலரும் தவறாகப் புரிந்துகொள்வதால் விரிவாகச் சொல்கிறேன். இளங்கலையில் வேதியியல் படித்துவிட்டு முதுகலையில் குற்றவியல் படித்தவர் ஆய்வக வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அவருக்குத் தகுதியைத் தருவது அந்த இளங்கலைதான், முதுகலை அல்ல. இதையே தலைகீழாகச் செய்தால் நடக்காது. அதாவது இளங்கலையில் குற்றவியல் படித்துவிட்டு, முதுகலைப் பெயரில் ‘தடய அறிவியல்’ என்று இருந்தால் போதும் என்று நினைப்பது. சில கல்லூரிகள் அப்படிச் சேர்த்துக்கொள்ளும், கட்டணமும் வாங்கிக்கொள்ளும். ஆனால் டிஎன்ஏ பரிசோதனைக்கு ஆள் எடுக்கிறவர் இளங்கலையில் மரபியலும் உயிர்வேதியியலும் எத்தனை தாள் படித்தாய் என்று கேட்பார். உங்கள் மகளுக்கு உண்மையில் பிடித்தது ஆய்வகம்தான் என்றால், இப்போதே அறிவியல் பட்டத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் மூன்று ஆண்டுகள் போய்விடும்.

அப்படியானால் குற்றவியல் பட்டம் எதற்கு என்று கேட்பீர்கள். சிறையிலிருந்து வெளியே வருபவரை மீண்டும் குற்றத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளும் நன்னடத்தை அலுவலர், சிறார் சீர்திருத்தப் பணி, பாதிக்கப்பட்டோருக்கான உதவி மையம், வங்கிகளில் மோசடித் தடுப்பு, குற்றத் தரவு ஆய்வு என்று நல்ல வேலைகள் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னதில் எனக்குத் தனி நம்பிக்கை. 1989இல் வெளியான மினியாபொலிஸ் ஆய்வில், அந்நகரில் போலீஸுக்கு வந்த அழைப்புகளில் பாதி, மூன்று சதவீதம் முகவரிகளிலிருந்தே வந்தது தெரிந்தது. எங்கே, எப்போது ரோந்து போக வேண்டும் என்று காவல் துறைகள் யோசிக்கும் முறையையே அது மாற்றியது. சீருடை இல்லாமலே துப்பறியும் வேலை இது. புள்ளியியலும் தரவு மென்பொருளும் தெரிந்திருக்க வேண்டும். மாணவர்கள் வெறுத்து ஒதுக்கும் பாடமும் புள்ளியியல்தான்!

பல்கலைக்கழகங்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. கையேட்டின் அட்டையில் பூதக்கண்ணாடியையும் கைவிலங்கையும் அச்சடிப்பார்கள். படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்ற பட்டியலைக் கேட்டால் பதில் வராது. வேலைக்கு ஆள் எடுக்கும் வாரியங்களும் அறிவிப்பில் ‘தொடர்புடைய பட்டம்’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகின்றன. எந்தப் பட்டம் தொடர்புடையது என்பதை விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்ட பிறகுதான் பிள்ளை தெரிந்துகொள்கிறது. சிறைக்குள் பயிற்சிக்கு அனுமதி கேட்டு என் மாணவர்கள் ஒரு பருவம் முழுக்கக் காத்திருந்ததுண்டு. அனுமதி வந்தபோது தேர்வே முடிந்திருந்தது. இதையெல்லாம் சரிசெய்ய வேண்டியவர்கள் செய்வதில்லை. சுமப்பது பதினேழு வயதுப் பிள்ளைகள்.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மகளுக்குப் பிடித்த இரண்டு மூன்று வேலைகளின் பழைய ஆட்சேர்ப்பு அறிவிப்புகளை அந்தந்தத் துறையின் சொந்த இணையதளத்திலிருந்து எடுங்கள். கல்வித் தகுதி, வயது, குடியுரிமை, உடல் தகுதி ஆகியவற்றைப் பென்சிலால் குறியுங்கள். பிறகுதான் கல்லூரியைப் பார்க்க வேண்டும். விடுமுறையில் அவளை நீதிமன்றத்துக்கு அழைத்துப்போய், பொதுமக்கள் பார்க்க அனுமதிக்கும் வழக்கு ஒன்றை ஒரு நாள் முழுக்கப் பார்க்க வையுங்கள். வாய்தா, காத்திருப்பு, அழும் குடும்பம் எல்லாவற்றையும் பார்த்த பிறகும் அவளுக்கு இதே துறைதான் வேண்டும் என்றால் தயங்காமல் சேருங்கள்.

ஏஜென்டிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “வேலை உறுதி என்பதை எழுத்தில், கையெழுத்தோடு கொடுங்கள்.” இதற்குள் முன்பணம் கட்டிவிட்டிருந்தால் ரசீதோடு எழுத்துமூலம் திருப்பிக் கேளுங்கள். தொலைபேசியில் மட்டும் பேசிக்கொண்டிருக்காதீர்கள்.