வீரக் கதைகளில் சொன்ன சொல்லுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

இந்தக் கேள்விக்குப் பலரும் கர்ணனைச் சொல்வார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழன்தான்.

பெற்ற பிள்ளைகள் பகையாகிவிட, அவர்கள் மேலேயே படையெடுக்கக் கிளம்பியவன் அவன். புல்லாற்றூர் எயிற்றியனார் என்ற புலவர் எடுத்துச் சொல்லித் தடுத்தார். அப்புறம் அவன் நாட்டைத் துறந்து வடக்கிருக்கத் துணிந்தான், அதாவது உணவை விட்டு, வடக்கு நோக்கி அமர்ந்து உயிர்விட. அப்போது பக்கத்தில் தன் நண்பரான புலவர் பிசிராந்தையாருக்கு ஓர் இடம் ஒதுக்கச் சொன்னான். ஆந்தையார் பாண்டிய நாட்டுக்காரர். இருவரும் அதுவரை நேரில் பார்த்ததே இல்லை. 'எப்படி வருவார்?' என்று சுற்றி இருந்தவர்களுக்குச் சந்தேகம். நான் வாழ்ந்த காலத்தில் வராவிட்டாலும், துன்பம் வந்த காலத்தில் வராமல் இருக்கமாட்டார் என்றான் சோழன்.

அவன் பாடியது புறநானூற்றில் 215ஆம் பாட்டு. அதில் நண்பருடைய நாட்டை எப்படிச் சொல்கிறான் தெரியுமா? வரகுச் சோறு, வெண்தயிரில் வேளைப்பூவைப் போட்டு ஆயர் வீட்டுப் பெண் ஆக்கிய புளிங்கூழ், அவரை பறிப்பவர்கள் அதை வயிறார உண்பது. சோற்றை வேண்டாம் என்று விடப்போகிறவன் நண்பரின் மண்ணைக் கூழாக நினைத்துப் பார்க்கிறான். அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

வருகிறேன் என்று ஆந்தையார் வாக்குக் கொடுத்ததாக அந்தப் பாட்டுகளில் இல்லை. அவருக்காகச் சொல் கொடுத்தவன் சோழன். ஆந்தையார் வராமல் போயிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் சாகப்போகிறவன் பலர் நடுவே பொய்யனாகியிருப்பான். ஆந்தையார் வந்தார், அவனோடு வடக்கிருந்தார். தன்னை நம்பி இன்னொருவர் சொன்ன சொல்லையும் தன் சொல்லாக ஏற்றுக் காப்பாற்றினாரே, அதனால்தான் அந்தக் கதை இத்தனை காலம் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

பொத்தியார் கதை இன்னும் கனமானது. அவரும் கூடவே உயிர்விட வந்த புலவர். மனைவி கருவுற்றிருந்ததால், 'மகன் பிறந்தபின் வா' என்று சோழன் திருப்பி அனுப்பிவிட்டான். அவர் திரும்பி வந்தபோது சோழன் இறந்து நடுகல்லாகியிருந்தான், அதாவது அவன் நினைவாக நட்ட கல்லாக. சொன்னவனே இல்லாதபோது, ஏன் வரவில்லை என்று கேட்க யார் இருக்கிறார்கள்? ஆனாலும் வந்தார். கல் முன்னால் நின்று, 'அன்பில்லாதவனே' என்று உரிமையோடு கடிந்துகொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாடினார்: 'என் இடம் எது?'

கல்லான பிறகும் அவன் இடம் கொடுத்தான் என்கிறது அடுத்த பாட்டு.