கார் கதவுக் கண்ணாடி மாற்ற வீட்டுக்கு ஆள் வருகிறாரா? – கேள்வி பதில்

சென்னையில் கார் கண்ணாடி மாற்றும் வேலைக்கு வந்து 16 வருஷம் ஆகிறது. முதல் ஏழு வருஷம் ஒர்க்‌ஷாப்பில். அப்புறம் வேனில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வீட்டு வாசலுக்கே போய் மாற்றித் தருகிறேன். சாதாரணக் கதவுக் கண்ணாடிக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம் போதும். ஆனாலும் போன இடத்தில் வேலை நடக்காமல் திரும்பி வந்த நாட்கள் உண்டு. கொண்டுபோன கண்ணாடி ஒன்று, வண்டிக்கு வேண்டியது வேறொன்று என்பதுதான் பெரும்பாலும் காரணம். முந்தின நாளே சரியாகப் பேசி வைத்தால் இந்த அலைச்சல் இருக்காது.

வேளச்சேரியிலிருந்து: அண்ணா, தெருவில் நிறுத்தியிருந்த வண்டியின் பின் கதவுக் கண்ணாடியை ராத்திரி உடைத்து லேப்டாப் பையை எடுத்துவிட்டார்கள். நாளைக்கு ஆள் வருகிறார். இப்போது முதலில் என்ன செய்ய வேண்டும்?

வண்டிக்குள் கை வைக்காதீர்கள் தம்பி. முதலில் போட்டோ எடுங்கள். நம்பர் பிளேட்டோடு சேர்த்து முழு வண்டி ஒன்று, உடைந்த கதவு ஒன்று, உள்ளே சிதறிக் கிடப்பது ஒன்று. திருட்டு என்பதால் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, குறைந்தபட்சம் சிஎஸ்ஆர் ரசீதாவது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தருவது) வாங்கிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸில் போகிற எண்ணம் இருந்தால் அவர்களுக்கும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கண்ணாடியை மாற்றிய பிறகு சொன்னால் எதைப் பார்த்து அவர்கள் கிளெய்ம் கொடுப்பார்கள்?

இதெல்லாம் முடிந்த பிறகுதான் சுத்தம் செய்வது, மூடுவது. அந்தக் கதவின் பவர் விண்டோ சுவிட்சை மட்டும் யாரும் அமுக்க வேண்டாம். கதவுக்குள் விழுந்த துண்டுகள், கண்ணாடியை ஏற்றி இறக்குகிற மெஷினில் சிக்கினால், கண்ணாடிச் செலவோடு மெஷின் செலவும் சேர்ந்துவிடும்.

கோயம்புத்தூரிலிருந்து: போனில் புக் பண்ணும்போது என்னென்ன சொல்ல வேண்டும்? மாடல் பெயர் சொன்னால் போதாதா?

போதாது. ஒரே பெயரில் மூன்று தலைமுறை வண்டிகள் ரோட்டில் ஓடுகின்றன. ஆர்சியில் இருக்கிற 17 எழுத்து சேசிஸ் நம்பரையும், வண்டி தயாரான மாதம், வருஷத்தையும் அனுப்புங்கள். அடுத்தது, எந்தக் கண்ணாடி என்பது. சில வண்டிகளில் பின் கதவிலேயே இரண்டு கண்ணாடி இருக்கும். இறங்கி ஏறுவது ஒன்று, அதை ஒட்டி முக்கோணமாக அசையாமல் நிற்பது இன்னொன்று. இரண்டும் தனித்தனி பொருள், பொருத்துகிற விதமும் வேறு.

லெஃப்ட், ரைட் விஷயத்தில் ஒரு அனுபவம் சொல்கிறேன். பல்லாவரத்தில் ஒருவர் லெஃப்ட் பின் கதவு என்று சொன்னார். எடுத்துக்கொண்டு போனேன். அவர் வண்டிக்கு முன்னால் நின்று, வண்டியைப் பார்த்தபடி லெஃப்ட் என்று சொல்லியிருக்கிறார்! உடைந்தது டிரைவருக்குப் பின்னால் உள்ள கதவு. அன்றைக்கு அவர் லீவு போட்டது வீண். அதிலிருந்து நான் லெஃப்ட், ரைட் கேட்பதே இல்லை, "டிரைவர் பக்கமா, அந்தப் பக்கமா" என்றுதான் கேட்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

கடைசியாக, உடையாமல் இருக்கிற எதிர்க் கதவுக் கண்ணாடியின் கீழ் மூலையில் சின்னதாக ஒரு முத்திரை அச்சிட்டிருக்கும். அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். கண்ணாடி செய்த கம்பெனி, ஐஎஸ்ஐ குறி எல்லாம் அதில் தெரியும். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து இன்னொரு போட்டோ. பச்சைச் சாயலா, வெறும் கண்ணாடியா என்பது தாளில் தெரிந்துவிடும். இது தெரியாமல் மாற்றினால் ஒரு கதவு பச்சையாகவும் ஒரு கதவு வெளுப்பாகவும் நிற்கும். வெயிலில் பார்த்தால் கண்ணை உறுத்தும்.

திருச்சியிலிருந்து: என் பழைய வண்டிக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை. கொஞ்சம் பெரிய கண்ணாடியை வாங்கி வெட்டிப் போட முடியாதா சார்?

முடியாது. கதவில் இருப்பது டஃபன்டு கண்ணாடி. 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிர்காற்று அடித்து இறுக்குகிறார்கள். அதனால் மேல்தோல் அமுக்கத்திலும் உள்பகுதி இழுவிசையிலும் நிற்கிறது. எங்காவது ஓரிடத்தில் அந்தத் தோல் அறுந்தால் மொத்தக் கண்ணாடியும் கல்கண்டு மாதிரி உதிர்ந்துவிடும். வெட்டுவதும் ஓட்டை போடுவதும் சூடாக்குவதற்கு முன்பே தொழிற்சாலையில் முடிந்துவிடுகிற வேலை.

வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் கையில் இருப்பது வீட்டு ஜன்னலுக்குப் போடுகிற சாதாரணக் கண்ணாடி. அடிபட்டால் கத்தி மாதிரி நீளத் துண்டாக உடைந்து, உட்கார்ந்திருப்பவர் கழுத்துக்கு நேராக வரும். தயவுசெய்து வேண்டாம். உடைப்புக்குப் போன பழைய வண்டியிலிருந்து எடுத்த ஒரிஜினல் கண்ணாடி, கீறல் இல்லாமல் கிடைத்தால் தாராளமாகப் போடலாம்.

பெருங்குடியிலிருந்து: அபார்ட்மென்டில் ஸ்டில்ட் பார்க்கிங், கட்டிடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே. அங்கேயே செய்ய முடியுமா? மழை பெய்தால்?

ஸ்டில்ட் பார்க்கிங் எங்களுக்கு ரொம்ப நல்ல இடம். நிழல் இருக்கும், மழை படாது. ஆனால் கதவு முழுசாகத் திறக்க வேண்டும், திறந்த கதவுக்கு முன்னால் நான் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். தூண் ஒட்டி நிறுத்தியிருந்தால் முன்கூட்டியே கொஞ்சம் தள்ளி நிறுத்திவிடுங்கள். பக்கத்து வண்டிக்காரரிடம் ஒரு மணி நேரம் இடம் கேட்டு வைப்பதும் நல்லது. செக்யூரிட்டியிடம் என் வேன் நம்பரைச் சொல்லிவிடுங்கள். வேக்குவம் போட ஒரு பிளக் பாயின்ட் எட்டுகிற தூரத்தில் இருந்தால் சந்தோஷம்.

திறந்த வெளியில் மழையில் செய்ய மாட்டேன். கதவைப் பிரித்தால் உள்ளே வயர், ஸ்பீக்கர், மோட்டார் எல்லாம் வெளியே தெரியும். கதவுக்குள் திரும்ப ஒட்ட வேண்டிய பிளாஸ்டிக் ஷீட்டும் ஈரத்தில் ஒட்டாது. அக்டோபர், நவம்பரில் புக் பண்ணுகிறவர்கள் கூரை உள்ள இடம் ஒன்றைப் பார்த்து வையுங்கள்.

சாவி வீட்டில் இருக்க வேண்டும், பேட்டரியில் சார்ஜ் இருக்க வேண்டும். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துத்தான் பொருத்த முடியும். சாவி ஆபீஸுக்குப் போய்விட்டது என்று சொன்ன வீடுகள் உண்டு.

சேலத்திலிருந்து: ஆள் வர இரண்டு நாள் ஆகுமாம். அதுவரை எதை வைத்து மூடுவது?

ஒளி ஊடுருவுகிற கெட்டியான பிளாஸ்டிக் ஷீட். கதவைத் திறந்து, ஷீட்டை ஃபிரேமுக்கு மேலே போர்த்தி, ஓரத்தை உள்பக்கமாக மடக்கி, கதவைச் சாத்துங்கள். கதவே அதைக் கவ்விக்கொள்ளும். கீழ்ப்பக்கத்துக்கு மட்டும் டேப் போதும், அதுவும் பெயின்டர்கள் போடுகிற மாஸ்கிங் டேப். அட்டைப்பெட்டிக்கு ஒட்டுகிற பிரவுன் டேப்பை பெயின்ட் மேல் ஒட்டினால், சேலம் வெயிலில் பசை உருகி அப்படியே படிந்துவிடும். அதைச் சுரண்டப் போய் பெயின்டைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். முன் கதவாக இருந்தால் கறுப்பு ஷீட் போட்டு ஓட்டாதீர்கள், சைடு மிரர் தெரியாது.

தாம்பரத்திலிருந்து: எங்கள் குழந்தைக்கு இரண்டு வயது. உடைந்த பக்கம்தான் அவளுடைய சைல்டு சீட் இருந்தது. எப்படிச் சுத்தம் செய்வது? பயமாக இருக்கிறது அண்ணா.

பயப்படுவது நியாயம்தான் அம்மா. கவனமாகச் செய்தால் முழுசாக எடுத்துவிடலாம்.

முதலில் ஏசி புளோயர் ஆஃபில் இருக்கட்டும். டேஷ்போர்டு ஓட்டைகளில் துகள் விழுந்திருந்தால் ஃபேன் போட்டதும் முகத்துக்கு வரும். சைல்டு சீட்டை வண்டியிலிருந்து கழற்றி, வெளியே ஒரு பழைய பெட்ஷீட் மேல் வையுங்கள். துணியுறையைக் கழற்றி உதறிவிட்டுத் துவையுங்கள். பக்கிளைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டுங்கள், அதன் உள்ளேதான் துண்டு ஒளிந்துகொள்ளும். பெல்ட் போகிற ஒவ்வொரு துளையையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கார் சீட்டில் கையால் துடைக்கவே கூடாது. பெரிய கட்டிகளை கையுறை போட்டு எடுங்கள், மீதியை நான் கொண்டுவரும் வேக்குவத்துக்கு விட்டுவிடுங்கள். வீட்டு வேக்குவத்தின் பையைக் கண்ணாடித்துகள் கிழித்துவிடும். சீட்டும் முதுகும் சேருகிற இடுக்கு, சீட் நகரும் தண்டவாளம், கதவு பாட்டில் ஹோல்டர், கார் சீட் பெல்ட் செருகும் பக்கிள் ஆகிய நாலு இடங்களை என்னிடம் விரல் நீட்டிக் காட்டி, எடுக்கச் சொல்லுங்கள். யார் வந்தாலும் சொல்லுங்கள். தவறாக நினைக்க மாட்டார்கள்.

எல்லாம் முடிந்து இருட்டிய பிறகு ஒரு வேலை செய்யுங்கள். வண்டி விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சை சீட்டின் மட்டத்துக்குத் தாழ்த்திப் படுக்கைவாட்டில் அடியுங்கள். பகலில் கண்ணுக்கே படாத துகள் மின்மினி மாதிரி மினுக்கும். செல்லோ டேப்பை விரலில் சுற்றி ஒற்றி ஒற்றி எடுங்கள். என் வண்டிக் கண்ணாடி உடைந்தபோது, மூன்று முறை வேக்குவம் போட்ட பிறகும் என் மகன் உட்காருகிற இடத்தில் இப்படி ஏழு துகள் எடுத்தேன். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை பாருங்கள், வண்டி குலுங்கக் குலுங்க இன்னும் கொஞ்சம் மேலே வரும்.

மதுரையிலிருந்து: இன்சூரன்ஸில் போகலாமா, கையிலிருந்து கொடுத்துவிடலாமா?

தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் கேள்வியே இல்லை, கையிலிருந்துதான். முழு பாலிசி இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள், ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி பிடிப்பார்கள். கட்டாயமாக நீங்கள் ஏற்க வேண்டிய தொகை ஒன்று உண்டு. 1,500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய்.

இதைவிடப் பெரியது நோ கிளெய்ம் போனஸ். கிளெய்ம் செய்யாதவர்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கிற தள்ளுபடி அது. 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லாவிட்டால் 50 வரை ஏறுகிறது. உங்கள் ஓன் டேமேஜ் பிரீமியம் (சொந்த வண்டியின் சேதத்துக்காகக் கட்டுவது) 8,000 ரூபாய், போனஸ் 50 சதவீதம் என்று வையுங்கள். இப்போது கிளெய்ம் செய்தால் அடுத்த வருஷம் 4,000 ரூபாய் தள்ளுபடி போய்விடும். அதற்கடுத்த வருஷம் 20 சதவீதத்தில் மறுபடி தொடங்க வேண்டும். ஒரு சின்ன வண்டியின் ஒற்றைக் கதவுக் கண்ணாடிக்கு இது பெரும்பாலும் கட்டுப்படியாகாது என்பது என் அபிப்பிராயம். போனஸ் பாதுகாப்பு ஆட்-ஆன் வாங்கியிருந்தால் கணக்கு மாறும். முடிவெடுக்கும் முன் பாலிசித் தாளைப் பாருங்கள்.

கையிலிருந்து கொடுப்பதானால் கண்ணாடி, கூலி, வீட்டுக்கு வரும் கட்டணம், பீடிங் (ஓர ரப்பர்), கிளிப் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஈரோட்டிலிருந்து: உடைந்த கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் இருந்தது. புதுசிலும் அதேபோல ஒட்டித் தருவீர்களா?

மோட்டார் வாகன விதி 100-ன்படி முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். 2012-ல் சுப்ரீம் கோர்ட் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை போட்டதும் எல்லோருக்கும் தெரியும். அடர் கறுப்பை நான் ஒட்டுவதில்லை.

நாகர்கோவிலிலிருந்து: யாரும் அடிக்கவில்லை. வெயிலில் நின்ற வண்டியின் கண்ணாடி தானாகவே நொறுங்கிவிட்டது. நம்புவீர்களா?

நம்புகிறேன். விளிம்பில் எப்போதோ பட்ட ஒரு சின்னச் சில்லு, கண்ணாடி ஏறி இறங்குகிற சேனல் கோணலாக இருப்பது, செய்யும்போதே உள்ளே மாட்டிக்கொண்ட நிக்கல் சல்ஃபைடு துகள் என எதுவும் காரணமாகலாம். வருகிறவரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள். சேனல் வளைந்திருந்தால் அதை நிமிர்த்தாமல் புதுசைப் போடுவதில் பயனில்லை.

வேலூரிலிருந்து: கண்ணாடி உடையவில்லை, சடாரென்று கதவுக்குள் விழுந்துவிட்டது.

அது கண்ணாடி வேலை இல்லை. மெஷினின் கேபிளோ, கண்ணாடியைப் பிடிக்கும் கிளிப்போ போயிருக்கும். புக் பண்ணும்போதே இதைச் சொன்னால் சரியான பாகத்தோடு வருவார்கள்.

அண்ணா நகரிலிருந்து: வேலை முடிந்ததும், பணம் கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க மூடியை, மூடுவதற்கு முன்பே ஒருமுறை வந்து நில்லுங்கள். இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, கதவின் அடிவயிறு. அங்கே தண்ணீர் வடிய சின்ன ஓட்டைகள் இருக்கும். பழைய துண்டுகள் அதை அடைத்தால் மழைத் தண்ணீர் உள்ளே தேங்கித் துருப்பிடிக்கும். கதவின் கீழ்ப்பகுதியை உள்ளங்கையால் தட்டச் சொல்லிக் காதைக் கொடுங்கள். கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம் வந்தால் இன்னும் துண்டு இருக்கிறது, மறுபடி உறிஞ்ச வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இந்த வேலையில் எனக்குப் பொறுக்காத விஷயம் இதுதான்.

இரண்டாவது, டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் ஷீட். அது கிழியாமல், சுற்றிலும் பசையோடு திரும்ப ஒட்டியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அடுத்த மழையில் கால் மிதியடி நனையும். கண்ணாடி சரியில்லை என்று எங்களைக் கூப்பிடுவார்கள், குற்றம் ஷீட்டில் இருக்கும்.

மூடிய பிறகு நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள். ஒரே வேகத்தில், உரசாமல் ஓட வேண்டும். ஒரு தட்டில் ஏறுகிற ஆட்டோ வசதி இருந்தால் அதை மறுபடி செட் பண்ணித் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சில வண்டிகளில் பாதி ஏறித் திரும்ப இறங்கும். ஒரு குடம் தண்ணீரை மேலிருந்து ஊற்றிப் பாருங்கள். பிறகு ஜிபே பண்ணுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து: காலையில் மாற்றினால் மாலையே ஊருக்குக் கிளம்பலாமா அண்ணே?

ஏறி இறங்கும் கதவுக் கண்ணாடி என்றால் அந்த நிமிஷமே கிளம்பலாம். அதில் பசை கிடையாது, போல்ட்டும் கிளிப்பும்தான். அசையாத முக்கோணக் கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் மட்டும், எத்தனை மணி நேரம் நிறுத்த வேண்டும் என்று ஒட்டியவரையே கேளுங்கள். பசை டியூபில் அந்த நேரம் போட்டிருக்கும். அதுவரை கதவை அறைந்து சாத்த வேண்டாம், வாட்டர் வாஷுக்கும் விட வேண்டாம்.