எந்த இடத்தில்?

அன்புள்ள அக்காவுக்கு,

குமரி மாவட்டம் கருங்கல் ஊரில், எங்கள் வீட்டு மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் கூடி, சமீபத்தில் படித்துப் பிடித்த புத்தகங்களைப் பற்றிப் பேசுகிறோம். போன மாதம் நான் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' நாவலைப் பற்றிப் பேசினேன். கதாநாயகி லிஸியை வயசு வந்ததும் பள்ளிக்கூடம் அனுப்பாமல் வீட்டோடு வைத்துவிடுகிற இடத்தில் மேலே படிக்க முடியாமல் புத்தகத்தை மூடிவிட்டேன். என் அம்மாவையும் எட்டாம் வகுப்போடு நிறுத்தினார்கள். "எனக்க அம்மைக்க கததான் இது" என்று சொன்னேன். நிறையப் படித்த ஒருவர், "அது உங்க சொந்த விஷயம், நாவலைப் பற்றிச் சொல்லுங்க" என்றார். உட்கார்ந்துவிட்டேன். அடுத்த மாதம் தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. பேச மனசு வரவில்லை. விமர்சனம் தெரியாதவர்கள் கருத்துச் சொல்லலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

சொல்லலாம். சொல்லுங்கள். நீங்கள் போன மாதம் சொன்னது நாவலைப் பற்றித்தான். பாதியில் நின்றுபோனது, அவ்வளவே.

எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும்போது நாகர்கோவிலில் ஒரு கூட்டத்தில் ஒரு நாவலைப் பற்றி "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று சொன்னேன். பக்கத்திலிருந்த பெரியவர், "எந்த இடத்துல பிள்ளே?" என்று கேட்டார். குறை சொல்லும் குரல் அல்ல. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து அந்த நாவலை மறுபடியும் படித்தேன், இந்த முறை பென்சிலோடு. பிடித்த இடங்கள் என்று நான் நினைத்திருந்தவற்றில் பாதி அடுத்தவர்கள் புகழ்ந்த இடங்கள். நானாக நின்ற இடங்கள் வேறு.

உங்களுக்கு அந்தக் குழப்பமே இல்லை. எங்கே நின்றீர்கள் என்று தெரிந்திருக்கிறது. இனி அந்தப் பக்கத்துக்குத் திரும்பிப் போங்கள். உங்கள் அம்மாவை எதற்காக நிறுத்தினார்கள்? காசில்லாமலா, கௌரவத்துக்கா? லிஸியை நிறுத்துவது குடும்பப் பெருமை. அவள் குடும்பமான பனைவிளை புத்தம்வீடு நொடித்துக்கொண்டிருக்கிறது, பெருமை மட்டும் நொடியவில்லை. பின்னால் பனையேறி மகன் தங்கராஜுக்கு அவளைக் கொடுக்க மறுப்பதும் அதே பெருமைதான். இருவரும் ஒரே சாதி. பனை வைத்திருக்கிறவருக்கும் பனை ஏறுகிறவருக்கும் நடுவே அத்தனை தூரம். 1964-இல் வெளிவந்த நாவல் அதைக் கூச்சல் இல்லாமல், வீட்டுக்குள்ளிருந்து காட்டியது. உங்கள் அம்மாவிலிருந்து புறப்பட்டால் இரண்டே அடியில் அங்கே வந்துவிடலாம். அதைச் சொந்த விஷயம் என்று தள்ளியவர் நாவலுக்குள் போக இருந்த நல்ல வழி ஒன்றை அடைத்துவிட்டார். எனக்கு அதில் கோபம்தான்.

என் அம்மை அதிகம் படித்தவள் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அக்கானி, அதாவது பதநீர், காய்ச்சியவள். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கிய அக்கானியை வடிகட்டி அடுப்பில் ஏற்றினால் பதம் வரும்வரை அந்த இடத்தைவிட்டு நகரமாட்டாள். கிண்டிக்கிண்டிக் கை கடுத்தாலும் விடமாட்டாள். சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆறின பிறகுதான் உட்காருவாள். 'புத்தம் வீடு' நாவலை நான் சத்தமாக வாசித்துக் காட்டினேன், ராத்திரிக்குக் கொஞ்சமாக. கேட்டுக்கொண்டே இருந்தவள் ஒரு நாள் கேட்டாள்: "பனை ஓஞ்ச மாசத்துல அந்தப் பனையேறி வீட்டுல என்னத்தப் பொங்கித் தின்னுவினும்?"

நான் கல்லூரியில் படித்த விமர்சனக் கட்டுரை எதுவும் என்னிடம் கேட்காத கேள்வி. பங்குனி, சித்திரையில் பாளை நன்றாகச் சுரக்கும். மழை பிடித்துவிட்டால் வருமானம் போய்விடும். அம்மையின் கேள்வியை வைத்துக்கொண்டு மறுபடியும் படித்தேன். லிஸி நிற்கிற வாசலிலிருந்து அந்தக் குடிசையின் அடுப்பு எவ்வளவு தெரிகிறது, எவ்வளவு தெரியவில்லை என்று பார்த்தேன். அம்மை சொன்னது கருத்து இல்லையென்றால் வேறு எது கருத்து?

உங்கள் கூட்டத்தில் கதைச் சுருக்கம் சொல்வதை மட்டும் விட்டுவிடுங்கள். பாதி நேரத்தை அது தின்றுவிடும், படிக்காதவர்களுக்கும் நாவலைக் கெடுத்துவிடும். அதற்குப் பதில் ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். நம்முடைய எழுத்தாளர்களை வாசித்துக் கேட்க வேண்டும். எழுத்தில் திணறுகிற பேச்சு, காதில் விழுந்ததும் நம் வீட்டுப் பேச்சாகிவிடும். ஆங்கிலவழியில் படிக்கிற பிள்ளைகளுக்கும் இது உதவும். பிடிக்காததையும் சொல்லுங்கள். எங்கே சலிப்பு வந்தது, எங்கே நம்பமுடியவில்லை என்று பக்கத்தோடு சொன்னால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

இனி மீரானின் நாவல். 1988-இல் புத்தகமாக வந்தது. தேங்காய்ப்பட்டணம்தான் களம். அகமதுக்கண்ணு முதலாளிக்கு ஊரே கைகட்டி நிற்கும்போது சுறாப்பீலி (சுறாமீன் துடுப்பு) வியாபாரி மஹ்மூது நிமிர்ந்து பேசுகிறான். நான் நின்ற இடம் அது. ஊருக்கு வருகிற ஆங்கிலப் பள்ளிக்கூடத்தை எதிர்க்கிற பகுதியில் நீங்கள் நிற்கக்கூடும் என்று நினைக்கிறேன். லிஸியை வீட்டோடு வைத்தவர்களையும் பள்ளிக்கூடமே வேண்டாம் என்றவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க உங்களால் முடியும். உங்கள் அம்மா இருக்கிறார்களா? இருந்தால் அவர்களையும் மாடிக்கு அழைத்து உட்கார வையுங்கள்.

கருங்கல்லிலிருந்து தேங்காய்ப்பட்டணம் பக்கம்தானே. அந்த ஊர்க்காரர் ஒருவரையாவது கூப்பிடப் பாருங்கள். சில வருடங்களுக்கு முன் இதே நாவலைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசும்போது, கடற்கரையிலிருந்து வந்த ஒரு பையன் "எங்க ஊர இப்பிடியா எழுதியது?" என்று எழுந்து சண்டை போட்டான். அன்றைக்கு அத்தனை பேரும் நாவலைக் கையில் எடுத்துப் பக்கம் புரட்டித் தேடினார்கள். அப்படி ஒரு கூட்டத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

எந்த ஞாயிறு என்று எழுதுங்கள். நான் வருகிறேன், கேட்பதற்கு.

அன்புடன்,
அக்கா