நினைப்புதான் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது

கேள்வி: எனக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை. நல்ல வேலை, அன்பான குடும்பம். ஆனால் அலுவலகத்தில் யாராவது முகம் கொடுத்துப் பேசாவிட்டால் அன்றைய நாளே பாழாகிவிடுகிறது. போன வாரம் நான் அனுப்பிய அறிக்கைக்கு மேலாளர் 'பார்க்கிறேன்' என்று மட்டும் பதில் போட்டார். அன்று இரவு முழுக்கத் தூக்கமில்லை. 'நல்லதையே நினை' என்கிறார்கள். முயன்றால் இன்னும் மோசமாகிறது. என்ன செய்வது?

பதில்: நல்லதையே நினைக்க முடியாதது உங்கள் குறை இல்லை, சகோதரி. மனசு அப்படிக் கட்டளைக்கு அடங்குவதில்லை. 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கவே கூடாது என்று மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தார். நினைப்பு வந்தால் மணி அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு 'இப்போது நினைக்கலாம்' என்றபோது, முதலில் அடக்காதவர்களைவிட, அடக்கி வைத்தவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது. கவலையை விரட்ட விரட்ட அது ஏன் திரும்பி வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

சரி, விரட்ட வேண்டாம். பிடித்து உட்கார வைத்து விசாரிப்போம்.

அன்று நடந்தது ஒரே ஒரு சொல்: 'பார்க்கிறேன்'. அதற்குப் பின்னால் உங்கள் மனதில் என்னென்ன ஓடியது என்று நீங்கள் எழுதவில்லை. 'அறிக்கை பிடிக்கவில்லை', 'என்மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை', 'இனி எனக்கு முக்கியமான வேலை எதுவும் தரமாட்டார்' என்று போயிருக்கும் என்பது என் ஊகம். ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960-களில் கவனித்தது இதைத்தான். மனச்சோர்வில் இருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட எண்ணங்கள் தானாக, மின்னல் வேகத்தில் வந்து போகின்றன. அவர்களும் அவற்றைச் சோதித்துப் பார்க்காமலே உண்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவற்றை எடுத்து வைத்துச் சரிபார்ப்பதுதான் அவர் உருவாக்கிய சிகிச்சையின் அடிப்படை. கெட்ட எண்ணத்தின்மேல் நல்ல எண்ணத்தைப் பூசி மறைக்கும் வேலை அதில் கிடையாது.

நீங்களும் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நடந்ததை ஒரு வரியில் எழுதுங்கள். அதன் கீழே, 'என்மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை' என்பது போல மனசு சொன்னதை அப்படியே எழுதி, அதை எவ்வளவு நம்புகிறீர்கள் என்று 100-க்கு மதிப்பெண் போடுங்கள். அப்புறம், அந்தப் பதிலுக்கு வேறு என்ன காரணம் இருக்கலாம் என்று யோசியுங்கள். ஏதோ கூட்டத்தின் நடுவே கைபேசியில் தட்டியிருக்கலாம். அறிக்கையைத் திறக்கவே நேரம் கிடைத்திருக்காது. அவர் எல்லோருக்குமே அப்படித்தான் பதில் போடுபவராகவும் இருக்கலாம். இவற்றையும் எழுதிவிட்டு மறுபடி மதிப்பெண் போடுங்கள். 90 என்று போட்டது 50-க்கு இறங்கினாலே பெரிய விஷயம், பூஜ்யமாக வேண்டியதில்லை. இதை மனதுக்குள்ளேயே செய்தால் பழைய சுழலுக்குள் போய்விடுவீர்கள், அதனால் கட்டாயம் எழுத்தில்தான் செய்ய வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எல்லாமே நம் நினைப்பில்தான் இருக்கிறது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். மேலாளர் உண்மையிலேயே நாலு பேர் முன்னால் உங்களை அவமதிக்கிறார் என்றால், மாற வேண்டியது உங்கள் எண்ணம் இல்லை, அவர் நடத்தை. அதேபோல், தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பில்லாத நிலையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் நோட்டு போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. அதனால் நோட்டில் எழுதிப் பார்த்த பிறகு, மேலாளரிடமே போய், "அறிக்கையைப் பார்த்தீர்களா, ஏதாவது திருத்த வேண்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். அவர் என்ன நினைக்கிறார் என்பதை அவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.