ஃபிரெஞ்சு குயர் சினிமாவில், அதாவது ஒருபால் ஈர்ப்பாளர், திருநர் போன்றோரின் வாழ்க்கையைச் சொல்லும் படங்களில், வளர்ந்துவரும் நடிகர் என்றால் யாரைச் சொல்வீர்கள்? எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

ஃபெலிக்ஸ் மாரிட்டோ. உச்சரிப்புக்கு நெருக்கமாக 'மரித்தோ' என்று எழுதிப் பார்த்தேன், இரங்கல் செய்தி மாதிரி இருந்தது. அதனால் மாரிட்டோ என்றே இருக்கட்டும்.

1992-இல் பிறந்தவர். நடிப்புப் பள்ளியிலிருந்து வந்தவர் இல்லை, பூர்ஜ் நகரத்துக் கலைக்கல்லூரியில் படித்தவர். 2017-இல் வந்த '120 பிபிஎம்' படத்தில் மாக்ஸ் என்ற சின்ன வேடம். 1990-களின் தொடக்கத்தில் எய்ட்ஸ் நோயாளிகளுக்காகத் தெருவில் இறங்கிய ஆக்ட் அப் பாரிஸ் அமைப்பின் கதை அது. இயக்குநர் ரொபான் காம்பியோவே அந்த அமைப்பில் இருந்தவர். கூட்டங்களில் யாரும் கை தட்ட மாட்டார்கள், பேசுபவரின் பேச்சு தடைபடக் கூடாதென்று விரலைச் சொடுக்குவார்கள். அந்தச் சொடுக்கும் கூட்டத்தில் ஒருவர் மாரிட்டோ. உண்மையைச் சொன்னால், முதல் தடவை பார்த்தபோது நான் அவரைக் கவனிக்கவே இல்லை. கண்ணெல்லாம் நாயகனாக நடித்த நாஹுவேல் பெரெஸ் பிஸ்கயார்ட் மேலேயே இருந்தது.

அடுத்த வருடமே 'சோவாஜ்'. கமீல் விடால்-நாக்கே இயக்கிய முதல் முழுநீளப் படம். ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் தெருவோரம் நின்று உடலை விற்கும் ஓர் இளைஞனாக மாரிட்டோ. நடிகர் பட்டியலில் அவன் பெயர் லியோ, ஆனால் படத்துக்குள் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

படம் ஒரு மருத்துவரின் அறையில் தொடங்குகிறது. இருமல், உடம்பு வலி என்று பையன் சொல்ல, மருத்துவர் பரிசோதிக்கிறார். நான் இரவில் ஹெட்போன் போட்டுக்கொண்டு மடிக்கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் எடுக்க வந்த அம்மா எட்டிப் பார்த்து, "டாக்டர் படமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நல்லவேளை, அடுத்த நிமிடம் அவர் அங்கே இல்லை. படத்தில் வந்தவர் மருத்துவரே இல்லை, காசு கொடுத்து மருத்துவர் வேடம் கட்டி வந்த வாடிக்கையாளர்!

பிற்பாதியில் நிஜ மருத்துவர் ஒருவரிடம் அவன் போகிறான். அவர் இவன் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அவன் மெல்லச் சாய்ந்து அவரைக் கட்டிக்கொள்கிறான். அவர் தள்ளிவிடவில்லை. இந்த வாழ்க்கையை விட்டுவிட விருப்பமில்லையா என்ற பேச்சு வரும்போது, எதற்கு என்று திருப்பிக் கேட்கிறான். அந்த 'எதற்கு'வில் திமிர் இல்லை, சுயஇரக்கமும் இல்லை. கேள்வி நிஜமாகவே புரியாத ஒருவனின் முகம். அழுது காட்டுவதற்கு எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இந்த முகத்தைக் கொண்டுவருவதுதான் கஷ்டம். முதல் காட்சியில் காசுக்காகத் தொடப்பட்ட அதே உடம்புதான் இங்கே ஒரு கை மேலே படாதா என்று ஏங்குகிறது. வசனம் இல்லாமலே நமக்கு அது புரிகிறது.

2018 கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரப் பிரிவில் இதற்காக அவருக்கு வளரும் நட்சத்திர விருது கொடுத்தார்கள். 2019-இல் பிரான்ஸின் லுமியேர் திரைப்பட விருதுகளிலும் புதுமுக நடிகர் விருது. அதே 2018 கான் விழாவின் போட்டிப் பிரிவில் யான் கோன்சாலஸின் 'உன் கூத்தோ தான் ல கர்' ('இதயத்தில் ஒரு கத்தி') இருந்தது. வனெசா பாரதி நாயகி, மாரிட்டோவும் உண்டு. 1979-இல் நடக்கும் கொலைக்கதை, கலர் கலராக இருக்கும். அவருக்காகப் பார்க்க வேண்டிய படம் என்று சொல்ல மாட்டேன்.

'ஜோனாஸ்' அப்படி இல்லை. ஆர்ட்டே தொலைக்காட்சிக்காக கிறிஸ்தோஃப் ஷாரியே எடுத்தது. துலோன் நகரம், பதின்வயதில் காணாமல்போன ஒரு நண்பன், அந்தக் குற்றவுணர்வோடு வளர்ந்துவிட்ட ஓர் ஆள். சிறுவயதுப் பகுதியில் நடிப்பது வேறொரு பையன் என்பதால், நாம் பார்க்காத பதினெட்டு வருடத்தை மாரிட்டோ தோளிலேயே சுமந்து காட்ட வேண்டும். காட்டுகிறார். 'சோவாஜ்' பேசப்பட்ட அளவுக்கு இது பேசப்படவில்லை என்பதில் எனக்கு வருத்தம்.

அப்புறம் 2023-இல் கனடாவின் கியூபெக்கிலிருந்து 'சோலோ'. இயக்கம் சோஃபி துப்பி. மொன்ட்ரியலின் டிராக் மேடைகள்தான் களம், பெரும்பாலும் ஆண்கள் பெண் ஒப்பனையில் ஆடிப் பாடும் மேடைகள். தியோடோர் பெல்ரான் நடித்த கதாநாயகனைக் காதலித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும் ஒலிவியே, மாரிட்டோ. டொரொன்டோ விழாவில் சிறந்த கனடியப் படம் என்ற விருது வாங்கியது. சிரித்த முகமாகவே குழி பறிக்கும் ஆளாக அவரைப் பார்த்தபோதுதான், இத்தனை நாள் இயக்குநர்கள் இவரிடம் காயத்தை மட்டுமே கேட்டு வாங்கியிருக்கிறார்கள் என்று பட்டது.

அதனால்தான் இன்னமும் 'வளர்ந்துவரும்' என்கிறேன். 'சோவாஜ்' அளவுக்கு முழுப் படத்தையும் தோளில் தாங்கும் வேடம் அவருக்கு இன்னொன்று அமையவில்லை என்பது என் எண்ணம்.

சரி, எங்கே தொடங்கலாம்? 'ஜோனாஸ்'. வீட்டில் யார் இருந்தாலும் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். பிடித்திருந்தால் '120 பிபிஎம்', அதில் மாக்ஸை மட்டும் தேடிப் பாருங்கள். 'சோவாஜ்' கண்டிப்பாகப் பெரியவர்களுக்கான படம், தனியாகப் பாருங்கள். கதவைத் தாழ் போட்டுக்கொள்வது நல்லது.